மூச்சை விட்டுட்டு அளக்கணும்

தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள் குருலட்சுமி. வீட்டில் ஒருவரும் இல்லை. மகள் மதுரையில் ஹாஸ்டலில் இருக்கிறாள், வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே செராக்ஸ் கடையில் இருக்கிறார், வாசல் கதவையும் உள்ளே தாழிட்டாகிவிட்டது, இத்தனைக்கும் மேல் படுக்கையறைக்கு ஒரு தாழ்ப்பாள் எதற்கு என்று தோன்றியது, தோன்றினாலும் கை அதை எடுக்கவில்லை. நாற்பத்தேழு வயதில் தன் உடம்பைத் தானே அளந்து பார்க்க இவ்வளவு காவல். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பக்கத்துச் சந்தில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற வாசனை திரைக்கு அடங்காமல் உள்ளே வந்தது. காலையில் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறப் போகும்போதும் இதே வாசனைதான், அப்போது குமட்டியது, இப்போது பசிக்கிறது. பசி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கட்டி இல்ல, நீர்க்கட்டியும் இல்ல, ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கும்மா என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலத்தான் இருந்தது. மகளுக்கு எப்படிச் சொல்வது, முடி கொட்டினால் முக்காடு போட்டுக்கொண்டு கடையில் உட்காரலாமா, கடையை யார் பார்ப்பது, எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே யோசித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தாள். யோசித்ததையெல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய்ப் போடுவது. அப்பறம் ஏம்மா வலிக்கு என்று கேட்டாள், ஏதோ அந்த வலியை விட்டுக்கொடுக்க மனமில்லாதவள் மாதிரி. டாக்டரம்மா எழுந்து வந்து, இடது பக்கம், மார்புக்குக் கீழே, உள்பாடியின் பட்டை பதிந்து சிவந்து கன்றிப்போயிருந்த பள்ளத்தில் விரலை வைத்து லேசாக அழுத்தினார். அதே வலி. அந்த இடமேதான். "என்ன சைஸ் போடுறீங்க?" முப்பத்திநாலு என்றாள். "கடைசியா எப்ப அளந்தீங்க?" கடைசியா என்று கேட்டால் முதலில் என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமே.

டேப்பு பீரோவின் கீழ்த்தட்டில், பழைய ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தது. மஞ்சள் டேப்பு. நைட்டியைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காமல் நின்றாள். பஞ்சு வைக்காத மெல்லிசான பழையது ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பழையதுக்கு இங்கே பஞ்சமில்லை, எல்லாம் பழையதுதான், எல்லாம் முப்பத்திநாலுதான், ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். இந்த முப்பத்திநாலு எங்கிருந்து வந்தது. கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது அக்கா ரெங்கநாயகி கூட வந்தாள். அந்தக் கடையில் ஆம்பளை ஒருத்தர் உயரமான மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னம்மா வேணும் என்று சத்தமாகக் கேட்டார். அக்கா திருட்டு நகைக்கு விலை கேட்பவள்போல நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பாடி என்றாள். அவர் குருலட்சுமியின் முகத்தைப் பார்த்தார், முகத்தைத்தான் பார்த்தார், கொஞ்சம் கீழே பார்த்தார், "பாப்பாவுக்குத்தானே, முப்பத்திநாலு போதும்" என்று ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். அவ்வளவுதான். ஒரு ஆளின் கண் ஒரு நொடி வந்து போனதற்குப் பெயர் அளவு. அதன்பின் குழந்தை வந்தது, பால் கட்டியது, வற்றியது, கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பெருத்தது, ஜாக்கெட்டை நாலு தடவை பிரித்துத் தைத்தாயிற்று, செருப்பே ஒரு அளவு கூடிவிட்டது, இது மட்டும் மாறவில்லை. கடைக்குப் போய் நின்றால் வாய் தானாக முப்பத்திநாலு என்னும், அதுவும் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடாதபடி. பேப்பரில் சுற்றித் தருவார்கள், பைக்கு அடியில் வைத்து மேலே வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு வருவாள். வெட்கப்பட்டுக்கொண்டே ஒருத்தி வாங்கினால் என்ன தருகிறானோ அதுதான் கிடைக்கும். போன லீவுக்கு வந்தபோது மகள் சொன்னாள், "அம்மா, முதுகுப் பக்கம் பட்டை மேல ஏறி நிக்குது பாரு, ஒன்னோட சைஸ் இது இல்ல." இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பெத்த தாயை இப்படியெல்லாமா பார்ப்பாள் ஒருத்தி என்று அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம் பிள்ளை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

கீழே ஒரு அளவு, மேலே ஒரு அளவு. டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்ததும் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லித் தந்தாள் மெர்சி என்று பெயர் அட்டை குத்தியிருந்த நர்ஸ். "இங்கேயே நான் அளந்துருவேன் அக்கா, ஆனா நீங்களே அளந்து பழகிக்கிடுங்க, ஒடம்பு மாறிக்கிட்டே இருக்கும்லா. மொதல்ல மாருக்குக் கீழ, வெலா எலும்பைச் சுத்தி. இறுக்கமா, ஆனா டேப்பு சதைக்குள்ள பதிஞ்சிரக் கூடாது. மூச்சை விட்டுட்டு அளக்கணும். நெறைய பேரு மூச்சைப் பிடிச்சிட்டு அளக்குதாவ, அப்பறம் இறுக்குது இறுக்குதுங்காவ." குருலட்சுமி டேப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவதற்குள் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும். இந்தமுறை இரண்டு நுனியும் முன்னால் வந்து சேர்ந்தன, கீழே பார்த்தாள், தொண்ணூறு. தொண்ணூறா. பிறகுதான் தெரிந்தது டேப்பின் மறுபக்கம், சென்டிமீட்டர் பக்கம். திருப்பினாள். தனியாக இருந்தும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இப்போது முப்பத்தைந்தரை. இல்லையே, முப்பத்திநாலு வர வேண்டுமே. கொஞ்சம் இழுத்தாள், முப்பத்தைந்து வந்தது, இன்னும் இழுத்தாள், சதை இரண்டு பக்கமும் பிதுங்கியது, முப்பத்திநாலேமுக்கால். அட, இன்னும் கால்தான். பிறகு நிறுத்தினாள். யாரிடம் காட்டுவதற்காக இழுக்கிறேன். அந்தக் கடைக்காரர் இருக்கிறாரோ போய்ச்சேர்ந்துவிட்டாரோ, அவர் சொன்னது சரி என்று நிரூபிக்க இந்த மத்தியானத்தில் என் விலாவை நானே நெரிக்கிறேன். மூச்சை விட வேண்டும் என்று சொன்னாள் மெர்சி. விட்டாள். விட விட இன்னும் கொஞ்சம் இருந்தது. இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தேன் இத்தனை மூச்சை. திருநெல்வேலிக்குப் போக நாள் குறித்ததிலிருந்து மேல்மூச்சாகவே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் போல, அது இப்போது மெதுவாக, ஓட்டை விழுந்த டியூப் மாதிரி, போய்க்கொண்டே இருந்தது. டேப்பு முப்பத்தைந்தரையில் வந்து நின்றது. அரை வந்தால் மேலே போய்விட வேண்டும், ரெட்டைப்படையில்தான் வரும் என்றாள் மெர்சி. அப்படியானால் முப்பத்தாறு. சரி, முப்பத்தாறு என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. பாகு வாசனை வந்துகொண்டுதான் இருந்தது.

மேல் அளவுதான் வம்பு செய்தது. கீழே இறுக்கி அளக்க வேண்டியதை மேலே தளர்வாக அளக்க வேண்டும், நிறைந்த இடத்தில், டேப்பு முதுகில் ஏறாமல் இறங்காமல் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். முன்னால் சரியாகப் பிடித்தால் பின்னால் இறங்குகிறது, பின்னால் தூக்கினால் முன்னால் நழுவுகிறது. முதல்தடவை முப்பத்தொன்பது, அடுத்து நாற்பத்தொன்று. ஒரு உடம்பு ஒரு நிமிஷத்துக்குள் எப்படி இரண்டு அங்குலம் வளரும். வேறு வழியில்லாமல் கண்ணாடியைப் பார்த்தாள். இடது பக்கம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதோ. இருக்கிறது. ரெண்டும் ஒண்ணுபோல யாருக்கும் இருக்காது அக்கா என்று மெர்சி அதற்கும் முன்கூட்டியே பதில் சொல்லியிருந்தாள், ஆனாலும் பார்வை அங்கேயே மாட்டிக்கொண்டது. கட்டி அந்த எக்ஸ்ரே படத்தில் விழாமல் போயிருக்குமோ. எந்திரம்தானே. கடையில் இருக்கிற எந்திரமே மை தீர்ந்தால் ஒரு ஓரத்தை விட்டுவிட்டு அடிக்கிறது, வாங்க வந்தவர் கொண்டுபோன பிறகுதான் ஓரம் இல்லை என்று தெரிகிறது. அங்கே மை தீர்ந்திருந்தால். டேப்பு தோளில் தொங்க, வலது கை தானாக அக்குளுக்குப் போய்விட்டது, விரல் நுனி மூன்றையும் சேர்த்து வட்டம் வட்டமாக, கடந்த இரண்டு மாதமாகக் குளிக்கும்போதெல்லாம் போய்ப் போய்த் தேடிய அதே பாதையில். ரெங்கநாயகி அக்காவுக்கு இங்கேதான் இருந்தது. அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பானையை இடது கையால் தூக்க மாட்டாள், துணி காயப்போட வலது கையை மட்டும் நீட்டுவாள், என்னக்கா என்றால் ஒண்ணுமில்லட்டி, சுளுக்கு என்பாள். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்றே ஒரு வருஷத்தை ஓட்டினாள். கடைசியில் புண் உடைந்து புடவை நனைந்துபோய்த்தான் தெரிந்தது. ஏங்க்கா சொல்லல என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த எடத்தை எப்பிடிட்டி வாயால சொல்ல" என்றாள். அதை நினைத்ததும் விரல் நின்றது. நான் வாயால் சொன்னேன். ஆளில்லாத நேரம் பார்த்து அவரிடம் சொன்னேன், டாக்டரம்மாவிடம் சொன்னேன், ஜாக்கெட்டைக் கழற்றிக் காட்டினேன், தகட்டுக்கு நடுவில் வைத்து நசுக்கினார்கள், உயிர் போய் உயிர் வந்தது, நின்றேன். படம் எடுத்தும் ஸ்கேன் வைத்தும் இரண்டு விதமாகப் பார்த்தார்கள். அடுத்த வருஷமும் வாங்க, வலி இருந்தாலும் இல்லாட்டாலும் வாங்க என்று சொல்லி அனுப்பினார்கள். இறுக்கமாப் போட்டதால எதும் வந்துருமா என்று கேட்டதற்கு, "அப்படியெல்லாம் கேன்சர் வராதும்மா, யார் சொன்னாலும் நம்பாதீங்க, வலி வரும், தோல் புண்ணாகும், தோள்பட்டை இழுக்கும், அவ்வளவுதான்" என்று அந்தச் சொல்லைச் சர்வசாதாரணமாக, உப்பு புளி என்பதுபோலச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்தச் சொல்லின் பல் கொஞ்சம் உதிர்ந்தது. விரலை எடுத்தாள். தேடினால் ஒன்றுமில்லாததும் தட்டுப்படும். மறுபடியும் டேப்பை எடுத்தபோதுதான் வாசல் கதவைத் தட்டினார்கள்.

தட்டுகிற விதம் அவருடையது. உள்ளங்கையால் தட்டுவார், விரலை மடக்கமாட்டார். இந்த நேரத்தில் ஏன். கடையை மூடிவிட்டா வந்தார். நைட்டியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, டேப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, இரண்டு தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாக எடுத்தபடி போகும்போது பஸ்ஸில் இருந்து போன் பண்ணியது நினைவுக்கு வந்தது. பக்கத்து சீட்டில் ஒரு ஆள், முன்னால் இரண்டு காலேஜ் பையன்கள். அவர் "என்ன சொன்னாங்க" என்று கேட்டார். "ஒண்ணுமில்லயாம்" என்றாள். "ஒண்ணுமில்லன்னா?" என்றார். "ஒண்ணுமில்லங்க, வீட்ல வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். பட்டை, கொக்கி, அளவு என்று அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்ல. கதவைத் திறந்தாள். அய்யலுசாமி வெயிலில் நின்றுகொண்டிருந்தார், கையில் காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுத் தூக்கு. வாங்கும்போது கனத்தது, அப்படியே இருக்கிறது, தொடவேயில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார்.

"ஒங்கக்காவை நாந்தான் வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்" என்றார். "வழி பூராம் ஒண்ணுமில்ல மாப்ளன்னுதான் சொல்லிட்டு வந்தாவ. நீயாவது நெசத்தைச் சொல்லு."

அவருடைய கண் சிவந்திருந்தது. வெயிலாலா என்று நினைத்தாள், வெயிலால் இல்லை. இந்த மனுஷன் காலையிலிருந்து செராக்ஸ் எந்திரத்து மூடியைத் தூக்கி இறக்கிக்கொண்டு, பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் அடித்துக் கொடுத்துக்கொண்டு, மனசுக்குள்ளே என்னை எடுத்துப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார். சொல்ல வேண்டும், சட்டென்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. "உள்ள வாங்க, ஒரு ஒத்தாசை வேணும்." படுக்கையறைக்குப் போனாள், அவர் பின்னாலேயே வந்தார். நைட்டியைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். வெட்கம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. "இந்த டேப்பு பின்னாடி நேரா இருக்கா பாருங்க. ஏறவும் கூடாது எறங்கவும் கூடாது." எதற்கோ டாக்டர் அளக்கச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போல. பழையதின் பட்டைக்கு மேலே டேப்பைத் தூக்கி நேராக்கினார். முன்னால் இரண்டு நுனியையும் சேர்த்து, மூச்சை விட்டுவிட்டு, "இங்க வந்து என்ன வருதுன்னு வாசிங்க, எனக்கு இங்கருந்து தெரியல" என்றாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே குனிந்தார்.

"நாப்பது."

"நாப்பதா? சரியாப் பாருங்க."

"நாப்பதுதான். இந்தா, கோட்டு மேலயே நிக்கு."

நாற்பதில் முப்பத்தாறு போனால். "நாலு" என்றாள் குருலட்சுமி, தனக்குத்தானே சொல்வதுபோல. அவர் நிமிரவில்லை. குனிந்த நிலையிலேயே நின்றார். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், முகத்தில் ரத்தம் இல்லை. "நாலா" என்றார். "ஒங்கக்காவுக்கும் நாலுன்னுதான் டாக்டர் சொன்னாரு. நாலாவது ஸ்டேஜுன்னு எங்கிட்டதான் மொதல்ல சொன்னாரு." அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடவுளே, என்ன காரியம் செய்தேன். துண்டு நழுவியதைக்கூடப் பார்க்காமல் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டாள். இப்போது வாய் ஓடியது, திருநெல்வேலியிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் ஓடியது. கட்டி இல்லை, எதுவுமே இல்லை, இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டார்கள், எனக்கு வந்தது பாடி இறுக்கின வலி, நான் கல்யாணத்திலிருந்து தப்பான அளவைப் போட்டுக்கொண்டு திரிகிறேன், கீழ் அளவு முப்பத்தாறு, மேல் அளவு நாற்பது, கழித்தால் நாலு, அது ஸ்டேஜ் இல்லை, அது கப்பு, ஒண்ணுன்னா ஏ, ரெண்டுன்னா பி, மூணுன்னா சி.

"நாலுன்னா?"

"டி."

"டின்னா பயப்படணுமா?"

"இல்லங்க. டின்னா கடையில டின்னு கேட்டு வாங்கணும், அம்புட்டுதான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமல் என்றுதான் நினைத்தாள். தோள் குலுங்கியது. அவள் கையில் இருந்த டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூட அதை விடாமல், அழுதாரா சிரித்தாரா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கொஞ்ச நேரம் இருந்தார். அவளுக்கு நெஞ்சைச் சுற்றி ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. பழையதின் கொக்கியை எப்போது கழற்றினோம் என்றே தெரியவில்லை, ஓடும் பேச்சில் கை தானாக அவிழ்த்திருக்கிறது. கீழே அந்தப் பள்ளம் காற்றுப் பட்டு எரிந்தது, எரிவதுகூட நன்றாக இருந்தது. இந்த எரிச்சலுக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்த வலி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கே மகளுக்குப் போன் பண்ண வேண்டும், நீ சொன்னது சரிதான் புள்ள என்று சொல்ல வேண்டும், அவளையும் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். புதிதாக வாங்கினால் கடைசிக் கொக்கியில் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம், போகப் போகத் தளரும், அப்போது உள்கொக்கிக்குப் போகலாம். பட்டைக்குள் இரண்டு விரல் போக வேண்டுமாம். போட்டுப் பார்க்க இடம் இருக்கிற கடையாகப் போக வேண்டும், வெங்காயத்தை மேலே போட வேண்டியதில்லை.

"சாயங்காலம் போவம்" என்றார் அய்யலுசாமி, அவள் நினைத்ததைக் கேட்டவர்போல. "நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு அந்தக் கடைக்கு?"

"வெளிய நிக்கேன். என்ன இப்ப."

அவள் நைட்டியைப் போட்டுக்கொண்டு எழுந்து தூக்கைத் திறந்தாள். சோறு விறைத்திருந்தது, புளிக்குழம்பு ஆறி எண்ணெய் தனியாக நின்றது. சுடவைத்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். இன்னொரு தட்டில் அவளும் போட்டுக்கொண்டாள், அடுக்களைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் வாய் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. நல்ல பசி. அவர் பெரிய பெரிய உருண்டையாகப் பிசைந்து நாலைந்து வாய் தின்றார், அப்புறம் கை நின்றது. பழைய பயம் திரும்பி வருகிறதோ என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ, இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

"இப்பத்தான சொன்னேன்."

"அப்ப காதுல சரியா விழல. மொதல்ல இருந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."

குருலட்சுமி தன் தட்டிலிருந்த குழம்பை அவர் தட்டில் கொஞ்சம் ஊற்றினாள். காலை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.